பாட்டிலுக்கு முதலில் வெதுவெதுப்பு, பிறகே குளிர்ச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கும் முறை பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) வெந்நீரில் ஊறவைப்பது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்க்கும் நேரம், கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வது ஆகியவற்றை விளக்கும் பகுதிகள் தெளிவாகவும் பிழையின்றியும் அமைந்திருந்தன. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்ந்துகொண்டு இந்தக் கலையைப் பழக விரும்பும் தமிழருக்கு, நம் மொழியிலேயே இத்தகைய கட்டுரை கிடைப்பது பெரிய உதவி. ஆனால் கடைசிப் பத்தியில், சர்க்கரை சேர்த்து மூடியிட்ட பாட்டில்களை உடனே குளிர்ந்த, இருண்ட இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும், குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது என்றும் எழுதப்பட்டிருந்தது. இருட்டு என்பது சரி. குளிர்ச்சி என்பது, அந்தக் கட்டத்தில், முற்றிலும் தவறு. இந்த அறிவுரையை அப்படியே பின்பற்றுபவர் சில வாரங்கள் கழித்துத் திறக்கப்போவது, நுரையே இல்லாத, இலேசாக இனிக்கும் ஒரு திரவத்தைத்தான்.

பாட்டிலில் அடைக்கப்படும்போது பியர் இன்னும் முழுமை பெற்ற பானமாக ஆகியிருப்பதில்லை. முதல் நொதித்தல் முடிந்து, ஆல்கஹால் உருவாகி, சுவையும் பெரும்பாலும் அமைந்துவிட்டிருக்கும். ஆனால் நொதித்தலின்போது எழுந்த கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி வெளியேறிவிட்டிருக்கும். அதை ஈடுசெய்யத்தான் அடைப்பதற்குச் சற்று முன்பு லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரையைக் கலக்கிறோம். பார்வைக்குத் தெளிந்துவிட்ட பியரிலும், நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் போதுமான அளவு உயிருடன் மிதந்துகொண்டுதான் இருக்கும். அது இந்தச் சர்க்கரையை உண்டு, அதன் எடையில் ஏறத்தாழப் பாதியைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. மூடி இறுகியிருப்பதால் வாயுவுக்கு வெளியே போக வழியில்லை. அது பியரிலேயே கரைந்துவிடுகிறது. பாட்டிலில் பக்குவப்படுத்துதல் என்று நாம் சொல்வது, சாராம்சத்தில், மூடிய பாட்டிலுக்குள் நடக்கும் இந்தச் சிறிய இரண்டாம் நொதித்தலைத்தான். அதைச் செய்ய வேண்டிய உயிரியை முதல் நாளே குளிரில் வைத்து முடக்கிவிட்டால் வேலை எப்படி நடக்கும்?

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எவ்வளவு வாயு உருவாகும் என்பதைத் தீர்மானிப்பது சர்க்கரை. எவ்வளவு விரைவில் உருவாகும் என்பதையும், அதற்குள் பியரின் சுவை என்னவாகும் என்பதையும் தீர்மானிப்பது வெப்பநிலை. வெப்பமான அறையில் வைத்தால் நுரை அதிகமாகும் என்று நம்புவோரும், நுரை அதிகம் வேண்டாம் என்பதற்காகவே குளிரில் வைப்போரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே அளவு சர்க்கரை சேர்த்த இரண்டு பாட்டில்களில் ஒன்றை 18 டிகிரி செல்சியஸிலும் மற்றொன்றை 24 டிகிரியிலும் வைத்தால், இரண்டும் கடைசியில் அதே அளவு வாயுவைத்தான் கொண்டிருக்கும்; இரண்டாவது முந்திக்கொள்ளும், அவ்வளவே.

அப்படியானால் எந்த வெப்பநிலை? ஏல் வகை ஈஸ்ட்டால் (மிதமான வெப்பத்தில் வேலை செய்யும் ஈஸ்ட்டால்) நொதிக்கவைத்த, 4 முதல் 6 சதவீத ஆல்கஹால் உள்ள சாதாரண பியருக்கு 20 முதல் 24 டிகிரி வரை என்பதே என் பதில். அந்த வீச்சில் இரண்டு முதல் மூன்று வாரங்களில் வேலை முடிந்துவிடும். 18 டிகிரியிலும் நடக்கும்; பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஏல் ஈஸ்ட்டில் பல வகைகள் மந்தமாகி, ஒன்றோடொன்று திரண்டு, பாட்டிலின் அடியில் படியத் தொடங்கும். வாரங்கள் மாதங்களாக நீளும், சில நேரங்களில் வேலை பாதியில் நின்றும்விடும். குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

வெதுவெதுப்பான தொடக்கம் வேண்டும் என்பதற்கு வாயு மட்டுமே காரணம் அன்று. இன்னும் இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அடைக்கும்போது என்னதான் கவனமாக இருந்தாலும் பாட்டிலின் கழுத்துப் பகுதியில் சிறிது காற்று தங்கிவிடும். அதிலுள்ள ஆக்சிஜன்தான் பியரைப் பழசாக்கும் முதல் எதிரி. சுறுசுறுப்பாக இயங்கும் ஈஸ்ட் அந்த ஆக்சிஜனில் கணிசமான பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். குளிரில் உறங்கும் ஈஸ்ட் அதைத் தொடாது, பியரே அதை ஏற்று மெல்லக் கெட வேண்டியதாகிவிடும். இரண்டாவது, இரண்டாம் நொதித்தலின்போது வெண்ணெய் வாசனையைத் தரும் டையசெட்டைல் சிறிதளவு உருவாகக்கூடும். அதைத் திரும்ப எடுத்து வாசனையற்ற பொருளாக மாற்றுவதும் அதே ஈஸ்ட்தான். அந்த வேலையையும் அது வெதுவெதுப்பிலேயே விரைந்து செய்கிறது. வாயு வந்துவிட்டது என்று கண்ட அன்றே பாட்டில்கள் அனைத்தையும் குளிருக்கு அனுப்பாமல், மேலும் சில நாள் விட்டுவைக்கச் சொல்வது இதனால்தான்.

பெரிய மதுவாலைகளும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற டூவெல் பியர், பாட்டிலில் அடைக்கப்பட்டதும் 24 டிகிரி வெப்பமுள்ள அறைகளில் இரண்டு வாரம் வைக்கப்பட்டு, அதன் பின்னரே குளிர்ந்த நிலவறைக்கு மாற்றப்பட்டு அங்கே ஆறு வாரம் முதிர்கிறது. அந்த ஆறு வாரத்தை மட்டும் கேள்விப்பட்டு, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தை விட்டுவிட்டதால்தான் "குளிர்ந்த நிலவறை" என்ற படிமம் நம் மனத்தில் இப்படி வேரூன்றிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி மறுபக்கம். குளிர் கூடாது என்றதும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று பொருளாகாது. 27, 28 டிகிரியைத் தாண்டினால் வாயு ஒரே வாரத்தில்கூட வந்துவிடலாம். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை சுவை. பியரைப் பழசாக்கும் வேதிவினைகள் வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது இரண்டு, மூன்று மடங்கு விரைவாகின்றன. மதுவாலைத் துறையில் வழங்கும் ஒரு தோராயக் கணக்குப்படி, 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் ஆகிய மூன்றும் பியருக்கு ஏறத்தாழ ஒரே அளவு முதுமையைத் தருகின்றன. ஈஸ்ட் உயிரோடு இருக்கும் பாட்டிலில் இந்தக் கணக்கின் கடுமை சற்றுக் குறையும் என்றாலும், போக்கு அதுவேதான்: ஹாப்ஸின் மணம் மங்கும், கசப்பு முரடாகும், நனைந்த அட்டையை நினைவூட்டும் ஒரு வாசனை தலைகாட்டும். நீண்ட நாள் வெப்பத்தில் கிடந்தால் அடியில் படிந்த ஈஸ்ட்டே சிதையத் தொடங்கி, சோயா சாற்றைப் போன்ற ஒரு கனத்த ருசியைப் பியரில் கலந்துவிடும்.

ஆனால் ஒரு அச்சம் மிகையானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நொதித்தலை அதிக வெப்பத்தில் நடத்தினால் பழவாசனையும் கரைப்பான் நெடியும் தூக்கலாகும் என்பது உண்மை. அதே கெடுதல் பாட்டிலிலும் நேரும் என்று பலர் அஞ்சுகிறார்கள். முதல் நொதித்தலில் ஈஸ்ட் லிட்டருக்கு 80 கிராம் அளவுக்குச் சர்க்கரையை உண்கிறது. பாட்டிலில் உண்பதோ வெறும் 6 கிராம். பத்தில் ஒரு பங்கும் இல்லாத இந்தச் சிறு வேலையிலிருந்து நாவில் படும் அளவுக்குப் பழவாசனை எழுவது அரிது. ஆகவே 18 டிகிரியில் நொதித்த பியரை 23 டிகிரியில் பக்குவப்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. மறுபுறம், நார்வேயின் பண்ணை ஈஸ்ட்டான க்வைக் 30 டிகிரிக்கு மேலும் இன்பமாக வேலை செய்யும் என்பதை வைத்து, அதனால் காய்ச்சிய பியரின் பாட்டில்களையும் அதே வெப்பத்தில் வாரக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈஸ்ட் எந்த வெப்பத்தையும் தாங்கட்டும். ஹாப்ஸும் மால்ட்டும் தாங்க வேண்டாமா?

குளிரில் நொதிக்கவைக்கும் பியர் வகையான லாகரைக் காய்ச்சுவோர் எழுப்பும் ஐயம் வேறு. லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டி நொதிக்கும் இயல்புடையது. ஆகவே பாட்டில்களையும் அதே குளிரில்தான் வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வைக்கலாம், நடக்கும், ஆனால் கட்டாயமில்லை. பாட்டிலில் ஈஸ்ட் உண்ணும் சர்க்கரை மிகக் குறைவு என்று மேலே சொன்ன அதே காரணத்தால், லாகர் பாட்டில்களையும் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு, மூன்று வாரம் வைத்து வாயு ஏறச் செய்து, அதன் பிறகு நீண்ட குளிர் முதிர்ச்சிக்கு அனுப்புவதால் சுவை கெடுவதில்லை. பூச்சிய டிகிரியை ஒட்டிப் பல வாரங்கள் முதிர்ந்த பின் அடைக்கப்படும் லாகரில் மிதக்கும் ஈஸ்ட் குறைந்துவிட்டிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்; அதற்கு வெப்பத்தைக் கூட்டுவதைவிட, அடைக்கும்போது சிறிதளவு புதிய ஈஸ்ட்டைச் சேர்ப்பதே சரியான மருந்து. 9 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கனத்த பியர்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் களைத்துப்போன ஈஸ்ட்டுக்கு 22 டிகிரியிலும் இரண்டு மாதம் தேவைப்படலாம்.

வெப்பநிலை தொடர்பாக மிகுதியாகத் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை. எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது என்று கணக்கிடும் அட்டவணைகளும் கணிப்பான்களும் "பியரின் வெப்பநிலை" என்று ஒன்றைக் கேட்கும். அங்கே எதை இடுவது? பாட்டில்களை வைக்கப்போகும் அறையின் வெப்பநிலையை அன்று. அடைக்கும் நேரத்தில் பியர் இருக்கும் வெப்பநிலையையும் அன்று. நொதித்தல் ஓயும் வேளையிலும் அதற்குப் பின்னும் அந்தப் பியர் எட்டிய மிக உயர்ந்த வெப்பநிலையைத்தான் இட வேண்டும். ஏனெனில் அந்தக் கேள்வியின் நோக்கம், பியரில் ஏற்கெனவே எவ்வளவு வாயு கரைந்து எஞ்சியிருக்கிறது என்று அறிவதே. குளிர்ந்த திரவம் அதிக வாயுவைத் தாங்கும், வெதுவெதுப்பான திரவம் குறைவாகத் தாங்கும். ஒரு லிட்டர் பியரில் எத்தனை லிட்டர் வாயு கரைந்துள்ளது என்பதைக் கனஅளவு என்பார்கள். அந்த அளவையில் 20 டிகிரியில் நொதித்து ஓய்ந்த பியரில் ஏறத்தாழ 0.85 கனஅளவு எஞ்சியிருக்கும், 10 டிகிரியிலேயே ஓய்ந்ததில் 1.2 எஞ்சியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, 20 டிகிரியில் நொதித்த 20 லிட்டர் பியரைத் தெளியவைப்பதற்காக ஒருவர் இரண்டு நாள் 2 டிகிரிக்குக் குளிர்விக்கிறார் என்று கொள்வோம். அவர் வேண்டுவது 2.4 கனஅளவு. சரியான கணக்குப்படி அவருக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை தேவை. அவரோ அடைக்கும் நேரத்து வெப்பநிலையான 2 டிகிரியைக் கணிப்பானில் இடுகிறார், அது 1.6 கனஅளவு வாயு ஏற்கெனவே உள்ளது என்று எண்ணி, வெறும் 60 கிராம் போதும் என்கிறது. குளிர்வித்ததால் பியருக்குள் புதிய வாயு எங்கிருந்தும் வந்துவிடவில்லை. தாங்கும் திறன்தான் கூடியது. விளைவு, 1.65 கனஅளவோடு நின்றுவிடும் சோகையான பியர். பிறகு அவர் அறையின் வெப்பம் போதவில்லை என்று குறைகூறி, பாட்டில்களை மேலும் மேலும் வெப்பமான இடங்களுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். சர்க்கரையில் நேர்ந்த குறையை எந்த வெப்பநிலையாலும் தீர்க்க முடியாது.

பாதுகாப்பைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2.5 கனஅளவு வாயு கொண்ட ஒரு பாட்டிலுக்குள், வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் மிகை அழுத்தம் 4 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தின் 0.7 மடங்காகவும், 20 டிகிரியில் ஏறத்தாழ 1.9 மடங்காகவும், 30 டிகிரியில் 2.8 மடங்காகவும், 40 டிகிரியில் 3.7 மடங்காகவும் இருக்கும். வாயுவின் அளவு அதுவேதான். வெப்பம் ஏற ஏற அது பியரில் கரைந்திருக்க மறுத்துக் கண்ணாடியை நெருக்குகிறது. வலுவான பாட்டில் இதைத் தாங்கும். ஆனால் நொதித்தல் முழுதும் முடியாமலே அடைத்த பியரில் கணக்குத் தலைகீழாகிவிடும். திரவத்தின் அடர்த்தியை அளந்து எஞ்சிய சர்க்கரையை உணர்த்தும் கருவியான ஹைட்ரோமீட்டர் 1.010 காட்ட வேண்டிய பியரை 1.014 காட்டும்போதே அடைத்துவிட்டால், அந்த நான்கு புள்ளிகள் மட்டுமே ஏறத்தாழ 2 கனஅளவு வாயுவைக் கூடுதலாகத் தரும். குளிர்ந்த அறையில் அந்த ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பருவம் மாறி அறை வெதுவெதுப்பானதும் அது விழித்துக்கொள்ளும், ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில்கள் வெடிக்கும். ஆகவே குளிரில் வைப்பது பாதுகாப்பானது என்ற எண்ணமும் அரைகுறை உண்மையே. அடைப்பதற்கு முன், பியரை நொதித்த வெப்பநிலையிலோ அதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகவோ வைத்துக்கொண்டு, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவீடுகள் மாறாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். குளிரவைத்த பியரில் எடுத்த மாறாத அளவீடு எதையும் மெய்ப்பிக்காது.

அறையைத் தேர்வதில் பெரிய நுணுக்கம் ஒன்றும் இல்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை மிகுதியாக ஏறி இறங்காத, வெயில் படாத ஓர் அலமாரியோ மூடிய பெட்டியோ போதும். பாட்டில் உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் இருக்க மூடிய பெட்டியே மேல். அறை குளிர்ந்ததாக இருந்தால், வெப்பக் காப்புள்ள பெட்டிக்குள் வெதுநீர் நிரப்பிய குடுவை ஒன்றைப் பாட்டில்களோடு வைத்து அவ்வப்போது மாற்றலாம். வெப்பமாக இருந்தால் அதே பெட்டியில் குளிர்ந்த நீர்க்குடுவை. வெதுவெதுப்பு வேண்டும் என்று பாட்டில்களைச் சன்னலோர வெயிலில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்து, மிகச் சிறிய அளவிலேயே மூக்கைச் சுளிக்கவைக்கும் ஒரு கந்தகச் சேர்மமாக மாறும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெரிதும் தடுக்கும். பச்சையும் நிறமற்றதும் தடுக்காது.

வாயு ஏறிவிட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி மற்றவற்றோடு வைத்துவிட வேண்டும். அழுத்திப் பார்க்கும்போது அது கல்லாக இறுகியிருந்தால் வாயு உருவாகிவிட்டது. அப்போதும் அவசரப்படக் கூடாது. உருவான வாயுவில் ஒரு பகுதி கழுத்திலேயே தங்கியிருக்கும். அந்த நிலையில் திறந்தால் "புஸ்" என்ற சத்தம் வரும், கோப்பையில் ஊற்றினால் நுரை நிற்காது. இப்போதுதான் குளிர்சாதனப் பெட்டிக்கு வேலை வருகிறது. இரண்டு நாளாவது பாட்டிலை நிமிர்த்திக் குளிரில் வைத்தால் வாயு முழுவதும் பியரில் கரையும், ஈஸ்ட் அடியில் இறுகப் படியும். குடிக்கும் வரை மீதிப் பாட்டில்களையும் குளிரிலேயே வைத்துக்கொள்வது, குறிப்பாக ஹாப்ஸ் மணம் மிகுந்த வகைகளுக்கு, மிக நல்லது. கட்டுரையாளர் சொன்ன அறிவுரை மூன்று வாரம் தள்ளி வந்திருந்தால் அதில் குறை சொல்ல எதுவும் இருந்திருக்காது.

அந்தக் கட்டுரையை நம்பி ஏற்கெனவே பாட்டில்களைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிட்ட வாசகர்கள் பியரைக் கொட்டிவிட வேண்டாம் என்பதையும் தாங்கள் அடுத்த இதழில் தெரிவிக்க வேண்டுகிறேன். சேர்த்த சர்க்கரை எங்கும் போய்விடவில்லை; ஈஸ்ட்டும் சாகவில்லை. பாட்டில்களை வெளியே எடுத்து, ஒருநாள் முழுவதும் விட்டு அறை வெப்பநிலைக்கு வந்ததும், ஒவ்வொன்றையும் மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மீண்டும் மிதக்கவிட வேண்டும், குலுக்கக் கூடாது. பிறகு 21 டிகிரியை ஒட்டிய இருண்ட இடத்தில் இரண்டு, மூன்று வாரம் வைத்துவிட்டு, ஒரு பாட்டிலை மட்டும் இரண்டு நாள் குளிரவைத்துத் திறந்து பார்க்கலாம். நுரை வரவில்லையே என்ற பதற்றத்தில் மூடியைத் திறந்து மேலும் சர்க்கரை சேர்ப்பது ஆபத்து; பழைய சர்க்கரையும் புதியதும் சேர்ந்து பாட்டிலை உடைத்துவிடக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்